மதுரைக்குச் சும்மா ஒரு பயணம்

கம்பம் பள்ளத்தாக்கில் யாராவது "மதுரைக்குப் போறோம்" என்று சொன்னால், கேட்பவர் முகம் ஒரு கணம் மாறும். அடுத்து வருகிற கேள்வி, "யாருக்கு என்ன?" என்பதுதான். பெரிய டாக்டரைப் பார்க்க, ஸ்கேன் எடுக்க, கல்யாணத்துக்கு நகையும் ஜவுளியும் வாங்க, 2004-ல் உயர் நீதிமன்றக் கிளை வந்த பிறகு வழக்குக்காக என்று மதுரைக்குப் போக ஆயிரம் காரணம் உண்டு. சும்மா போய்விட்டு வந்தோம் என்று சொல்கிறவர்கள் குறைவு.

உத்தமபாளையத்துக்குப் பக்கத்தில் திராட்சைத் தோட்டம் வைத்திருக்கும் ஒரு குடும்பத்துக்கும் மதுரை அப்படித்தான் இருந்தது. வீட்டில் இரண்டு பிள்ளைகள். பெரியவனுக்கு மூன்றரை வயது, சின்னவளுக்கு ஒன்றரை. சின்னவள் எட்டாம் மாதத்திலேயே பிறந்துவிட்டவள். பிறந்தபோது எடை 1 கிலோ 400 கிராம். மதுரையில் ஒரு மருத்துவமனையில் 23 நாள் இன்குபேட்டரில் இருந்தாள். அம்மா எதிரே ஒரு லாட்ஜில் தங்கிக்கொண்டு, நேரத்துக்கு நேரம் தாய்ப்பாலை எடுத்துக் கொடுத்துவிட்டு, கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு வருவாள். மீனாட்சியம்மன் கோயில் கோபுரத்தை அந்த 23 நாளில் ஆட்டோவில் இருந்து ஒரே ஒருமுறை பார்த்தாள். அதற்குப் பிறகும் கண் பரிசோதனை, காது பரிசோதனை, எடை பார்ப்பது என்று மதுரைப் பயணம் தொடர்ந்தது.

நவம்பரில் டாக்டர், "இனி இங்க வர வேண்டியதில்ல, தடுப்பூசியெல்லாம் உங்க ஊர்லயே போட்டுக்கலாம்" என்று சொல்லிவிட்டார். பஸ்ஸில் திரும்பி வரும்போது உசிலம்பட்டி தாண்டியதும் அவள் கணவனிடம் சொன்னாள். "என்னங்க, டிசம்பர்ல ஒரு தடவ மதுரைக்கு வரலாம். ஆஸ்பத்திரிக்கு இல்ல. சும்மா. லைட்டெல்லாம் பாத்துட்டு வரலாம்."

கணவன் சரியென்றும் சொல்லவில்லை, வேண்டாமென்றும் சொல்லவில்லை. தோட்டத்துக்காரனுக்கு டிசம்பர் லேசான மாதமில்லை. மழை பெய்தால் பழுத்த திராட்சை வெடித்துவிடும், வியாபாரி விலையைக் குறைப்பார். ஆனால் தை பிறந்துவிட்டால் பொங்கல், ஜனவரி 15-ல் பென்னிகுயிக் பிறந்தநாள் என்று பள்ளத்தாக்கே திருவிழாவில் இருக்கும், ஊரைவிட்டு யாரும் நகர மாட்டார்கள். போவதென்றால் டிசம்பரில்தான் போக வேண்டும்.

அப்பத்தாதான் தடை. "ஏத்தா, இந்தப் பனியில பிள்ளைகளத் தூக்கிக்கிட்டு எங்க அலையப் போற? மதுரைன்னாலே எனக்கு அந்த ஆஸ்பத்திரி டெட்டால் வாசந்தேன் வருது."

"அதுக்குத்தேன் அத்த போவோம்ங்கிறேன்" என்றாள் மருமகள். அப்பத்தா பதில் பேசவில்லை. மறுத்து ஒன்றும் சொல்லாததால் பாதிச் சம்மதம் என்று வீட்டில் எடுத்துக்கொண்டார்கள்.

மதுரைதான் என்று முடிவாகும் முன்பு வேறு இரண்டு ஊர்கள் பேச்சில் வந்தன. சென்னையில் இருக்கிற நாத்தனார், "இங்க வாங்க அண்ணி, மால்ல பெரிய கிறிஸ்துமஸ் மரமே வச்சிருக்காங்க" என்று கூப்பிட்டாள். 2023 ஜூனில் இருந்து போடியில் ஏறினால் சென்னை சென்ட்ரலில் இறங்கலாம் என்கிற இரவு ரயில் இருக்கிறது. ஐந்து வயதுக்குக் கீழே இருக்கிற பிள்ளைகளுக்குத் தனி இடம் கேட்காவிட்டால் டிக்கெட் வேண்டாம். ஆனால் தனி இடம் இல்லையென்றால் இரவு முழுக்க ஒரு ஆள் படுக்கிற பலகையில் அம்மாவும் பிள்ளையும் ஒண்டிக்கொள்ள வேண்டும். முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்பே திறந்துவிடும். பண்டிகைக்கால இடங்கள் அப்போதே போய்விடும். அதோடு சென்னையின் டிசம்பர் மழையை நம்ப முடியாது. 2023 டிசம்பர் முதல் வாரத்தில் மிக்ஜாம் புயலில் சென்னை மிதந்ததை எல்லோரும் பார்த்தார்கள். சின்னப் பிள்ளைகளோடு பத்து மணி நேரத்துக்கு மேல் போய், அங்கே ஃபிளாட்டுக்குள் அடைந்து கிடப்பதற்கு வீட்டிலேயே இருக்கலாம்.

கொச்சி, கணவனின் ஆசை. ஃபோர்ட் கொச்சியில் டிசம்பர் கடைசியில் கார்னிவல் நடக்கும். 31-ம் தேதி நள்ளிரவில் 'பாப்பாஞ்ஞி' என்கிற பெரிய உருவத்தைக் கொளுத்திப் புத்தாண்டைக் கூப்பிடுவார்கள். கல்யாணத்துக்கு முன்பு நண்பர்களோடு போய்ப் பார்த்தவன். குமுளி வழியாக மலை ஏறி இறங்க வேண்டும். கொண்டை ஊசி வளைவுகளில் பெரியவன் எத்தனை முறை வாந்தி எடுப்பான் என்பது ஒரு பக்கம். எட்டு மணிக்குத் தூங்குகிற பிள்ளைக்கு நள்ளிரவுத் திருவிழா எதற்கு? 2022-ன் கடைசி இரவில் அந்தக் கூட்ட நெரிசலில் பலர் காயப்பட்ட செய்தியையும் அவள் ஞாபகப்படுத்தினாள். "பிள்ளைக வளரட்டும், போவோம்" என்று கணவனே முடித்துவிட்டான்.

தேதி குறிப்பதில்தான் அவளுடைய கெட்டிக்காரத்தனம் தெரிந்தது. எல்லோரும் அரையாண்டு விடுமுறையில், கிறிஸ்துமஸை ஒட்டிக் கிளம்புவார்கள். அவள் டிசம்பர் மூன்றாம் வாரத்தில் செவ்வாய், புதன், வியாழன் என்று காலண்டரில் வட்டம் போட்டாள். பள்ளிப் பிள்ளைகளுக்குப் பரீட்சை நடக்கிற நேரம், ஊர் காலியாக இருக்கும். அவள் பிள்ளைகளுக்கோ இன்னும் பள்ளிக்கூடமே இல்லை. நட்சத்திர விளக்கு 18-ம் தேதி எரிகிறதா 25-ம் தேதி எரிகிறதா என்று ஒன்றரை வயதுப் பிள்ளை கேட்கப் போகிறதா என்ன? இன்னொரு லாபமும் உண்டு. மார்கழி பிறந்துவிட்டால் முகூர்த்தம் கிடையாது. கல்யாண வீட்டார் பிடிக்கிற அறைகள் காலியாக இருக்கும், 'மொய் எழுதப் போகணுமே' என்று பயணத்தைத் தள்ளிப்போட வேண்டியதும் இல்லை. பிள்ளைகள் பள்ளிக்குப் போகத் தொடங்கும்வரைதான் இந்தச் சலுகை. நிறைய பெற்றோர் இதைப் பயன்படுத்தாமலே விட்டுவிடுகிறார்கள்.

ஜெர்மனியில் நியூரம்பெர்க் பக்கம் இருக்கிற அவளுடைய சித்தி மகள், அங்கே நடக்கிற கிறிஸ்துமஸ் சந்தைப் படங்களை வாட்ஸ்அப்பில் அனுப்புவாள். கம்பளிக்குள் மூக்கு மட்டும் தெரிகிற குழந்தை, தள்ளுவண்டி, பின்னால் விளக்கு வரிசை. "பிள்ளைய ராத்திரியில எப்பிடிக்கா வெளிய கொண்டு போற?" என்று கேட்டதற்கு, "ராத்திரி எங்கடி? சாயங்காலம் நாலரைக்கே இங்க இருட்டிரும்" என்றாள் அக்கா. நம் ஊரில் அவ்வளவு சீக்கிரம் இருட்டாது. ஆனாலும் டிசம்பரில் ஆறு மணி வாக்கில் பொழுது அடைந்துவிடும். கோடையை விட அரை மணி நேரம் முந்தி. ஆறில் இருந்து ஏழரை வரை விளக்கு பார்த்துவிட்டு, எட்டுக்கு அறைக்கு வந்துவிடலாம். அந்த ஒன்றரை மணி நேரத்தை நடுவில் வைத்துத்தான் அவள் முழு நாளையும் போட்டாள். மதியம் சோறு ஊட்டித் தூங்கவைப்பது ஒரு மணிக்கு. நான்கு வரை யாரும் யாரையும் எழுப்பக் கூடாது. நடுப்பகலில் கோயில் நடையும் சாத்தியிருக்கும் என்பதால் எதையும் இழக்கப் போவதில்லை.

கணவன் தாளில் ஒன்பது இடங்கள் எழுதியிருந்தான். அழகர்கோயில், திருப்பரங்குன்றம், காந்தி மியூசியம், நாயக்கர் மகால், சொக்கிகுளம் மால், புதுநத்தம் சாலையில் 2023-ல் திறந்த கலைஞர் நூலகம் என்று நீளமான பட்டியல். நூலகத்தில் குழந்தைகளுக்குத் தனிப் பகுதி இருக்கிறதே என்று வாதாடினான். அவள் ஒரு நாளைக்கு ஒரு இடம் என்று வைத்துக்கொண்டு மீதியை அடித்துவிட்டாள்.

"இம்புட்டுச் செலவு பண்ணிப் போயி ரெண்டு எடந்தேனா?"

"ஒரு எடம் பாக்கப் போனா ரெண்டு டயபர், ஒரு வாந்தி, ஒரு அழுகை. ஒம்போதுன்னா கணக்குப் போட்டுக்கங்க."

கணக்கு சரிதான்.

லாட்ஜுக்குப் போன் செய்து அவள் கேட்ட கேள்விகளில் வரவேற்பில் இருந்த பையன் திணறிப்போனான். வெந்நீர் எத்தனை மணிக்கு வரும்? ஜன்னலில் கம்பி இருக்கிறதா? குளியலறைக்கு உயரமான இடத்தில் தாழ்ப்பாள் உண்டா? மெத்தையைத் தரையில் இறக்கிப் போட்டுக்கொள்ளலாமா? பக்கத்தில் மார்கழி ஒலிபெருக்கி வைக்கிற கோயில் இருக்கிறதா? கடைசிக் கேள்விக்கு மட்டும் அவன் சிரித்துவிட்டு, "மதுரையில கோயில் இல்லாத எடம் எங்கக்கா இருக்கு?" என்றானாம்.

பெரிய சிக்கல் தொட்டில். சின்னவள் பிறந்ததில் இருந்து அப்பத்தாவின் பழைய நூல் சேலைத் தொட்டிலில்தான் தூங்குவாள். லாட்ஜ் அறையில் கொக்கி ஏது? மின்விசிறிக் கம்பியில் கட்டலாம் என்று யாரோ சொன்ன யோசனையை அவள் காதிலேயே வாங்கவில்லை, வாங்கவும் கூடாது. பயணத்துக்கு 15 நாள் முன்பே பாயில் தூங்கப் பழக்கினாள். முதல் மூன்று இரவு வீட்டில் யாரும் தூங்கவில்லை. நான்காவது இரவு அப்பத்தா அந்தத் தொட்டில் சேலையையே நான்காக மடித்துப் பாயில் விரித்தார். அந்த வாசத்தில் பிள்ளை தூங்கிவிட்டது. பையில் முதலில் வைத்த சாமான் அந்தச் சேலைதான்.

போகிற வழி அடுத்த விவாதம். வெளியூர் என்றால் விடியற்காலை நான்கு மணிக்குக் கிளம்புவதுதான் பெரியவர்கள் வழக்கம். பனியில், தூக்கத்தில் கிடக்கிற பிள்ளைகளை எழுப்பித் தூக்கிக்கொண்டு ஓடினால் அந்த நாள் முழுக்கச் சிணுங்கல்தான். ஐயப்ப பக்தர்களின் வண்டிகள் இரவும் பகலுமாகப் போய்வருகிற மாதம் வேறு. கம்பத்தில் இருந்து போகிற வண்டிகளைக் கம்பம்மெட்டு வழியாகவும் திரும்புகிறவற்றைக் குமுளி வழியாகவும் போலீஸ் திருப்பிவிடுகிற அளவுக்கு நெரிசல் இருக்கும். காலை இட்லி சாப்பிட்டு, பிள்ளைகள் வெளிக்குப் போன பிறகு ஒன்பது மணிக்குக் கிளம்பலாம் என்றாள். நேராக மதுரை பஸ் வேண்டாம், தேனி பென்னிகுயிக் பஸ் நிலையத்தில் இறங்கி முக்கால் மணி நேரம் ஓடவிட்டு, பிறகு மதுரை பஸ் ஏறலாம். அரசுப் பேருந்தில் ஐந்து வயது வரை டிக்கெட் இல்லை. மடியில்தான் வைத்துக்கொள்ள வேண்டும் என்பதால், நூறு கிலோமீட்டரை இரண்டாக வெட்டினால் மடிக்கும் ஓய்வு.

பெரியவனுக்கு ரயில் வேண்டும். போடி–மதுரைப் பாதைக்குப் பெரிய கதை உண்டு. 1928-ல் போட்ட பாதை. அகலப்பாதை ஆக்குவதற்காக 2010 கடைசியோடு ரயிலை நிறுத்தினார்கள். தேனிக்கு மறுபடி ரயில் வந்தது 2022 மே மாதம், போடிக்கு 2023 ஜூனில். நடுவில் ஒரு தலைமுறைப் பிள்ளைகள் சொந்த ஊரில் ரயிலைப் பார்க்காமலே வளர்ந்தார்கள். வந்த பாசஞ்சரும் மதுரைக்காரர்களுக்கு வசதியாகக் காலையில் அங்கிருந்து வந்து மாலையில் திரும்பிப் போகிறது. பள்ளத்தாக்கில் இருந்து காலையில் மதுரைக்குப் போக நினைப்பவர்களுக்கு உதவாது. மாலை ரயிலில் போனால் இறங்கும்போது பிள்ளைகள் தூங்குகிற நேரமாகிவிடும். அதனால் போகும்போது பஸ், திரும்பும்போது காலை ரயில் என்று முடிவானது. பெரியவனிடம், "வாரப்ப ரயிலுடா தங்கம்" என்று சொன்னது பெரிய தப்பு. அன்று முதல் தினம் நூறு தடவை, "ரயில் எப்ப வரும்?"

சாப்பாட்டைப் பற்றி அவள் அதிகம் கவலைப்படவில்லை. மதுரையில் இட்லிக்குப் பஞ்சமில்லை. தண்ணீர் மட்டும் கொதிக்கவைத்து ஆறவைத்தது. வழிக்குக் கொறிக்கத் தோட்டத்துப் பன்னீர் திராட்சை. 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய கம்பம் திராட்சையைப் பெருமையாகக் கொண்டு போகலாம்தான். ஆனால் முழுத் திராட்சை சின்னப் பிள்ளையின் தொண்டைக்குழிக்கு அளவெடுத்ததுபோல் இருக்கும், மூச்சுக்குழாயை அடைத்துவிடும். நீளவாக்கில் நான்காக வெட்டி, விதையை எடுத்துவிட்டுத்தான் கொடுக்க வேண்டும். ஓடுகிற பஸ்ஸில் எதுவுமே வேண்டாம். திராட்சைக்காரர் வீட்டிலேயே இந்தக் கட்டுப்பாடு இருக்கிறது. கடலை, பொரிகடலைக்கும் இதே விதி. காய்ச்சல் மருந்து எடைக்கு எவ்வளவு என்று டாக்டரிடம் கேட்டு, ஒரு அட்டையில் எழுதி மருந்தோடு கட்டிவைத்தாள். பெரியவன் சட்டைக்கு உள்பக்கம் அப்பாவின் போன் நம்பரைத் துணி மார்க்கரால் எழுதினாள். கோயிலுக்குள் 2018-ல் இருந்து போன் கொண்டுபோக முடியாது, கூட்டத்தில் பிரிந்தால் கூப்பிட்டுத் தேட வழியில்லை. யார் யாரைப் பிடித்துக்கொள்வது என்பதும் முன்பே முடிவாகிவிட்டது.

தள்ளுவண்டி வேண்டாம் என்றானது. சித்திரை வீதிகளில் வண்டிகள் வராது, தாராளமாகத் தள்ளலாம். அந்த வீதியைத் தாண்டினால் நடைபாதை எங்கே இருக்கிறதென்று தேட வேண்டும். இடுப்பு போதும் என்றார் அப்பத்தா. அப்போதுதான் அவரும் வருகிறார் என்பது வீட்டுக்குத் தெரிந்தது.

கிளம்புவதற்கு முதல் நாள் இரவு அப்பத்தா ஒன்று கேட்டார். "அந்த நர்சுப் பிள்ளைய ஒரு எட்டுப் பாத்துட்டு வருவமா? ராத்திரி டூட்டிக்காரப் பிள்ள. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்னு அழுதப்ப, உள்ள இருந்து கையாட்டிக் காமிச்சாளே."

மருமகள் உடனே பதில் சொல்லவில்லை. ஆஸ்பத்திரி வாசலை மிதிக்காத ஒரு மதுரை வேண்டும் என்றுதான் இத்தனை ஏற்பாடும். பையில் துணிகளை மறுபடி எடுத்து மறுபடி அடுக்கினாள். பிறகு, "உள்ள போக வேணாம் அத்த. வாசல்ல நின்னு பாப்போம்" என்றாள். ஒரு கிலோ திராட்சைக்கு இடம் ஒதுக்கினாள்.

பயணம் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. மதியம் ஆரப்பாளையத்தில் இறங்கினார்கள், ஆட்டோ பிடித்தார்கள், அறையில் தூங்கினார்கள். முதல் நாள் மாலை வண்டியூர் தெப்பக்குளம். 1645-ல் திருமலை நாயக்கர் வெட்டியது. நிறைந்த தண்ணீரில் மைய மண்டபத்து விளக்குகள் ஆடியதைச் சின்னவள் கைகாட்டி, "நெலா, நெலா" என்றாள். கரையோரம் நடக்கும்போது கையை விடாமல் பிடித்திருந்தார்கள். அப்பத்தா பருத்திப்பால் வாங்கிக் கொடுத்தார். ஜிகர்தண்டா கேட்ட மகனுக்கு, "பனியில அதக் குடிக்கிறவன் புத்தியுள்ளவனா?" என்று கிடைத்தது. அவன் மறுநாள் தனியாகப் போய்க் குடித்துவிட்டு வந்தான்.

இரண்டாம் நாள் காலை கோயில். பொற்றாமரைக் குளத்துப் படியில் அரை மணி நேரம் உட்கார்ந்தார்கள். சன்னிதி வரிசையில் மாலை போட்ட சாமிகள் கூட்டம் நீளமாக நின்றதால் அப்பத்தாவும் மகனும் மட்டும் உள்ளே போனார்கள். பிள்ளைகளோடு அவள் குளத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். மாலையில் கீழவெளி வீதிப் பக்கம் கடைகளில் தொங்கிய நட்சத்திரங்கள். சிவப்பில் ஒன்று, வெள்ளையில் ஒன்று வாங்கினார்கள். தூய மரியன்னை பேராலயத்தை வெளியே நின்று பார்த்தார்கள். குடில் பார்க்க வேண்டுமென்றால் 25-ம் தேதி வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற ராயப்பன்பட்டிக்கே போகலாம், கால் மணி நேரத்தில்.

ஏழரைக்கு ஆஸ்பத்திரி வாசல். அந்த நர்ஸ் டூட்டிக்கு வந்துகொண்டிருந்தார். முகத்தைப் பார்த்து அவருக்கு அடையாளம் தெரியவில்லை. எத்தனை பிள்ளைகளைப் பார்த்திருப்பார்! பெயரைச் சொன்னார்கள், அதுவும் ஞாபகம் இல்லை.

"பொறந்தப்ப எவ்ளோ வெயிட்டு?" என்று கேட்டார்.

"ஒன்னு நானூறு."

"மூணாவது பெட். கம்பம் பாப்பா" என்றார் உடனே. கையை நீட்டி வாங்கித் தூக்கிப் பார்த்தார். "ஒம்போது கிலோ இருப்பா போலருக்கே" என்றார். சின்னவள் அவர் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைப் பிடித்து இழுத்தாள். அப்பத்தா திராட்சைப் பையைக் கொடுத்துவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. எட்டேகாலுக்கெல்லாம் பிள்ளைகள் தொட்டில் சேலை விரித்த மெத்தையில் தூங்கிவிட்டார்கள். அவளும் அந்த ஊரில் முதல் முறையாக இடையில் விழிக்காமல் தூங்கினாள்.

மூன்றாம் நாள் காலை ரயில். ஜன்னலோர இடம் பிடித்து, பெரியவனை மடியில் வைத்துக்கொண்டான் அப்பா. வண்டி கிளம்பியதும் கத்தினான், கைதட்டினான், எதிரே உட்கார்ந்திருந்த பாட்டியிடம் "இது ரயிலு" என்று சொல்லிக்கொடுத்தான். உசிலம்பட்டி வருவதற்குள் தூங்கிவிட்டான். ஆண்டிபட்டிக் கணவாயில் மலையை வெட்டிப் போட்ட பாதையில் வண்டி நுழைந்தபோது எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள், அவனை எழுப்ப மட்டும் யாருக்கும் மனம் வரவில்லை. தேனியில் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினார்கள். ரயில் போடிக்குக் கிளம்பிப் போன பிறகு பிளாட்பாரத்தில் கண் விழித்தவன், சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுக் கேட்டான், "ரயில் எப்ப வரும்?"